டெட்லிஃப்ட் செய்யும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எத்தனை நாள் ஓய்வு எடுக்க வேண்டும்?

கேள்வியின் விவரம்: வயது 38, நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. 12 நாட்களுக்கு முன் ஜிம்மில் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பளுவைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நின்று தூக்கும் பயிற்சி) செய்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி காலுக்கு இறங்கவில்லை. எத்தனை நாள் ஓய்வு தேவை, மறுபடி பளு தூக்கலாமா, பளு தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் வாங்கினால் இனி இப்படி வராதா?

நான் மருத்துவர் அல்லன். ராணிப்பேட்டையில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன்; வசிப்பது வேலூர் சத்துவாச்சாரியில். பதினொரு ஆண்டுகளாகப் பளு தூக்கிவருகிறேன். இடையில் இடுப்பில் ஒரு முறையும் குதிகால் தசைநாணில் (தசையை எலும்போடு பிணைக்கும் நாணில்) ஒரு முறையும் அடிபட்டு, இரண்டையும் முதலில் தவறாகவும் பிறகு சரியாகவும் கையாண்டவன் என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

படுத்துக் கிடக்கும் ஓய்வு ஓரிரு நாட்களுக்கு மேல் தேவையில்லை. 12 நாட்கள் ஆகிவிட்ட நிலையில் நீங்கள் இதற்குள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு விலக்கு உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இந்தப் பதிலை இத்துடன் மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். காய்ச்சலோடு வரும் இடுப்பு வலியையும், எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலியையும் மருத்துவரிடம் காட்டாமல் விடக்கூடாது. இவை எதுவும் இல்லையென்றால், இவ்வகைப் பிடிப்புகளில் பெரும்பாலானவை ஆறு வாரங்களுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும்.

என் இடுப்பு பிடித்துக்கொண்டது 2019 ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில். எங்கள் தொழிலில் மார்ச் மாதம் என்றால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம். மூன்று வாரங்களாக ஜிம் பக்கமே போகவில்லை. இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம். மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் அல்லது ராணிப்பேட்டைச் சாலையில் பைக்கில். கணக்கு முடிந்த மகிழ்ச்சியில் போய், பிப்ரவரியில் தூக்கிய அதே 120 கிலோவைப் பாரில் (எடை மாட்டும் இரும்புத் தடியில்) ஏற்றினேன். "இன்னும் ஒரு பிளேட்டு போட்லாம்ணா, நீ தூக்கிடுவ" என்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் உற்சாகப்படுத்தினான். அவன் மீது குற்றமில்லை, ஏனென்றால் அந்தக் கூடுதல் பிளேட்டை நான் போடவே இல்லை. பழைய எடையிலேயே, பார் முழங்காலைத் தாண்டும் முன், இடுப்பில் சொடக்குப் போட்டதுபோல் ஒன்று நடந்தது. அன்று என் ஷூவின் கயிற்றை நானே அவிழ்க்க முடியவில்லை.

குனிந்த விதம் தவறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் பல நாட்கள் அப்படியே நம்பினேன். பின்னர் நோட்டில் எழுதி வைத்திருந்த பயிற்சிக் கணக்கைப் புரட்டியபோதுதான் வேறொன்று புரிந்தது. பிப்ரவரியில் அதே 120 கிலோவை அதே விதமாகக் குனிந்துதான் தூக்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இடையில் மாறியது உடலின் தயார்நிலை. வங்கி இருப்பைப் பார்க்காமல் காசோலை கொடுத்தவனின் கதைதான் என்னுடையது. அடிபடுவதற்கான காரணங்களைத் தேடும்போது அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய நான்கு வாரங்களைப் பாருங்கள் என்று இப்போது யாரிடமும் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் அந்த நான்கு வாரங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு நடந்தவை நம் பக்கத்து வழக்கம்போல நடந்தன. கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று அத்தை ஒருவரை அழைத்து வந்தார். அவரும் நல்லவேளையாக மெதுவாகவே மிதித்தார். ஒன்பது நாட்கள் படுத்தே இருந்தேன், இடுப்பு மரக்கட்டை ஆனதுதான் மிச்சம். ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு (டிஸ்க்) ஒன்று சற்றுப் புடைத்திருப்பதாக வந்தது. அதைப் பார்த்த மருத்துவர் ஒருவர், இனி தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது என்றார். நீரில்லா ஆற்றின் கரையில், அதுவும் 2019 கோடையில், குடம் தூக்காமல் குடும்பம் நடத்துவது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த ஸ்கேன் தாள் எனக்கு வலியைவிடப் பெரிய தீங்கு செய்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 40 வயதினரில் 50 விழுக்காட்டினருக்கும் வட்டுப் புடைப்பு காணப்பட்டது. அதாவது, என் வயதில் இருவரில் ஒருவருக்கு வலியே இல்லாமல் இருக்கக்கூடிய ஒன்றை, என் வலியின் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டு மூன்று மாதங்கள் அஞ்சி நடந்திருக்கிறேன். அதன்பின் சந்தித்த பிசியோதெரபி அம்மையார் என்னைத் தரையில் கிடந்த பேனாவை எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "முதுகு நல்லாத்தான் வளையுது சார், நீங்கதான் வளைய விடமாட்டேங்கிறீங்க" என்றார். அன்று மாலையே கோட்டையை ஒட்டி நடக்கத் தொடங்கினேன்.

மறுபடி பளுவுக்கு வந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். முதல் வாரம் வெறும் பார் மட்டும், 20 கிலோ. அதையும் தரையிலிருந்து எடுக்காமல் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை அமைத்து அதிலிருந்து எடுத்தேன். எட்டு முறை வீதம் மூன்று செட் (எட்டு முறை தூக்கி இளைப்பாறுவது ஒரு செட்), வாரத்தில் இரண்டு நாட்கள். வாரத்துக்கு ஐந்து கிலோ கூட்டி, மேடையையும் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, 15ஆம் வாரத்தில் 90 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினேன். வலி முற்றிலும் நின்ற பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்கவில்லை. பூஜ்யம் முதல் பத்து வரை அளந்தால் மூன்றுக்குள் இருக்கும் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் காலை எழும்போது அது முந்தைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லையென்றால் அடுத்த முறை எடையைக் குறைக்க வேண்டும், பயிற்சியையே விட்டுவிடக்கூடாது. தூக்கும்போது வரும் வலியைக் காட்டிலும் மறுநாள் காலை வலியே நம்பத்தக்க சாட்சி.

ஏன் இத்தனை நிதானம் என்றால், தசையும் தசைநாணும் ஒரே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. பயிற்சியின் முதல் சில வாரங்களில் தூக்கும் எடை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால். தசை அடுத்தடுத்த வாரங்களில் பருக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண் தடிப்பதற்கோ மாதங்கள் ஆகின்றன. எங்கள் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் பதனிடும் தோலில் இருப்பதும் கொலாஜன் என்ற புரதம்தான், நம் தசைநாணில் இருப்பதும் அதே கொலாஜன்தான். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட காலத்தில், வாரக்கணக்கில் பொறுத்திருக்க முடியாதவன் அந்தத் தொழிலுக்கே வரவில்லை. மூன்றே மாதங்களில் எடையை இரட்டிப்பாக்கிய இளைஞன் முழங்கையிலோ முழங்காலிலோ வலி என்று வந்து நிற்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இதை நானே மறந்ததால் வந்ததுதான் குதிகால் வலி. 2022இல் ஓட்டத்தில் ஆசை வந்து, மூன்று கிலோமீட்டரிலிருந்து இரண்டே வாரங்களில் எட்டு கிலோமீட்டருக்குத் தாவினேன். காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகள் முள்மேல் வைத்ததுபோல் இருந்தன. இதற்கான வைத்தியம் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் பெயரால் அறியப்படுகிறது. அவருக்கே குதிகால் வலி இருந்ததாகவும், அறுவை சிகிச்சை செய்துகொள்ள மேலதிகாரி விடுப்புத் தராததால் நாண் அறுந்தே போகட்டும் என்று வலியோடு பயிற்சி செய்ததாகவும், அறுவதற்குப் பதிலாக வலி நின்றதாகவும் சொல்வார்கள். அவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் நாட்பட்ட வலியுள்ள 15 ஓட்டக்காரர்களும் 12 வாரங்களில் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். முறை எளியது: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலின் உதவியால் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று செட், மடக்கி மூன்று செட், காலையும் மாலையும். ஆக நாளொன்றுக்கு 180 முறை. எனக்கு ஐந்தாவது வாரம் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. பக்கத்து வீட்டார் நான் படிக்கட்டில் ஏதோ வேண்டுதல் நிறைவேற்றுவதாக நினைத்திருந்தார்கள். பத்தாவது வாரத்தில் காலை வலி போய்விட்டது.

இங்கே ஒரு செய்தியை இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறேன். டைஃபாய்டு, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணை, குறிப்பாகக் குதிகால் நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அறுந்துபோகும் அபாயம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. அவற்றைச் சாப்பிடும் நாட்களிலும் அதற்குப் பிந்தைய சில வாரங்களிலும் குதித்தலும் ஓட்டமும் கனத்த எடையும் வேண்டாம்.

வலி மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைக்லோஃபெனாக் ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு மாலையே கபடிக்கோ ஜிம்முக்கோ போகிறவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். 1946இல் வேலூருக்கு வந்து, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட் கண்டு சொன்னது என்ன? விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் சூட்டிலும் கூர்மையிலும் பட்டுக் காயமாகி, அந்தக் காயமும் தெரியாமல் மேலும் சிதைந்து அழிகின்றன. வலி இல்லாமை என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஊரில் இருந்துகொண்டு, அதையே காசு கொடுத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறோம். படுத்துத் தூங்குவதற்காகவும் மெல்ல நடப்பதற்காகவும் மருத்துவர் தரும் மாத்திரையைச் சாப்பிடலாம். பளு தூக்குவதற்காகச் சாப்பிடக்கூடாது. நாற்பது டிகிரி வெயிலில், உடலில் நீர் வற்றிய நிலையில், இம்மருந்துகள் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

ஐஸ் வைப்பதில் எனக்கு வலுவான கருத்து இல்லை. முதல் நாளில் வலி மரத்துப்போக உதவும், அவ்வளவே. 1978இல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற முறையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். கணுக்கால் பிசகியவர்களுக்கு ஒரு குறிப்பு: நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் முனையைத் தொட்டால் துடிக்கிறது என்றாலோ எக்ஸ்ரே எடுக்காமல் நீவிவிடக் கொடுக்காதீர்கள். யாரிடம் கட்டுப் போட்டுக்கொண்டாலும் விரல்கள் மரத்தோ நீலம் பாய்ந்தோ போனால் கட்டை உடனே தளர்த்த வேண்டும்.

வராமல் தடுப்பதைப் பொறுத்தவரை, கை கால்களை நீட்டி வளைத்து நிற்பதைக் காட்டிலும், தூக்கப் போகும் அதே அசைவை வெறும் பாரில் தொடங்கி நான்கைந்து செட்டில் எடையை ஏற்றுவதே மேலான வார்ம் அப். தூக்கம் குறைந்த நாளில் எடையையும் குறையுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் பாதி எடையில் தொடங்குங்கள். என் மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் மீறாத விதி இது. மே மாதத்தில் காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுகிறேன். உணவில், உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும். கேழ்வரகுக் களியில் கால்சியம் நிறைய உண்டு, புரதம் சொற்பமே, எனவே அதனோடு முட்டையோ பருப்போ கருவாட்டுக் குழம்போ சேர வேண்டும்.

எங்கள் சத்துவாச்சாரியின் பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரு வகைத் தூக்கலையும் சேர்த்து மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட் போட்டிக்கு அவர் போனது தொடையில் அடிபட்ட நிலையில்; தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது பட்ட அடி அது. அங்கே 317 கிலோவில் மீண்டும் தங்கம் வென்றார். போட்டியாளர் தோற்றுத் தங்கம் உறுதியானதும், மீதமிருந்த கடைசி வாய்ப்பை அவர் பயன்படுத்தவே இல்லை. எங்கள் பகுதிப் பையன்கள் அந்த 328ஐப் பற்றித்தான் பேசுகிறார்கள். தூக்காமல் விட்ட அந்த ஒரு முறையை யாரும் பேசுவதில்லை.

இனி உங்களுக்கு. இந்த வாரம் நாளுக்கு இருமுறை இருபது நிமிடம் நடங்கள். பாதி நிரப்பிய குடத்தைத் திண்ணை உயரத்திலிருந்து எடுத்து வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை வலி கூடவில்லையென்றால் அடுத்த வாரம் வெறும் பாருக்குப் போகலாம். ஆறு வாரங்களில் முன்னேற்றமே இல்லையென்றால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வயிற்றை அழுத்தி முதுகுக்கு உறுதி தரும், ஆகவே சற்றுக் கூடுதலாகத் தூக்க முடியும். அடிபடாமல் காக்கும் என்று அதை நம்ப வேண்டாம். நான் 100 கிலோவுக்கு மேல் போகும்போது மட்டும் கட்டுகிறேன், ஆகவே அது பெரும்பாலான நாட்களில் பையிலேயே கிடக்கிறது.