பவர் ஸ்டீயரிங் ஆயிலை நாமே பார்த்து ஊற்றிக்கொள்ளலாமா?

கேட்டவருடையது பழைய டீசல் வண்டி. வளைக்கும்போது முன்பக்கத்தில் 'ங்ங்ங்' என்று முனகல் வருகிறது, ஸ்டீயரிங்கும் முன்பைவிடக் கனமாக இருக்கிறது. ஆயில் குறைந்திருக்குமா, வீட்டிலேயே ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக ஊற்றலாம், பத்து நிமிட வேலைதான். ஆனால் ஊற்றியதோடு விட்டுவிடாதீர்கள். இஞ்சின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரியும். பிரேக் ஆயில்கூட, பேட் தேயத் தேய டப்பாவில் இறங்கும். ஸ்டீயரிங் ஆயிலுக்கு அப்படி ஒரு செலவே இல்லை. டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகிறது, அங்கிருந்து அழுத்தத்தோடு, முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் என்ற பாகத்துக்குப் போகிறது, திரும்ப டப்பாவுக்கே வந்துவிடுகிறது. ஆகவே அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள். எங்கே என்று தேடுவதுதான் பெரிய வேலை.

இதை நான் சித்தப்பாவின் வண்டியில் கற்றுக்கொண்டேன். அவருக்கு அரியாங்குப்பம். முந்திரி வாங்க அடிக்கடி பண்ருட்டிக்குப் போய் வருகிறவர். ஒரு மழைக்காலம் முடிந்ததும் இதே முனகல் தொடங்கியது. டப்பாவைத் திறந்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. வாங்கி ஊற்றினோம், சத்தம் போய்விட்டது. மூன்று வாரத்தில் திரும்ப வந்தது, திரும்ப ஊற்றினோம். இப்படியே நான்கு மாதம் ஓடியது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. "கீழே ஒழுகவே இல்லையேப்பா, ஆவியாகப் போகிறதா?" என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் பதில் தெரியவில்லை.

கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, ரேக் நுனியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையைப் பிடித்து அமுக்கினார். ரேக் பூட் என்பார்களே, அதுதான். "தம்பி, இங்கே கை வைத்துப் பாருங்க" என்றார். தண்ணீர் நிரப்பிய பை மாதிரி தளதளவென்று இருந்தது. கிளிப்பைத் தளர்த்தியதும் சிவப்பு எண்ணெய் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. நாங்கள் மாதக்கணக்கில் ஊற்றியதில் ஒரு பங்கு அங்கேதான் தேங்கிக் கிடந்தது. பூட்டின் மேல்மடிப்பில் ஒரு கீறல். தேங்கிய மழைத்தண்ணீரில் வண்டியை விட்டு ஓட்டியதில் தண்ணீர் அது வழியாக உள்ளே போய், ரேக் கம்பியில் துரு பிடித்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை அந்தத் துரு அறுத்திருக்கிறது. கீறல் மேலே இருந்ததால் எண்ணெய் தரையில் சொட்டவில்லை. கீறலை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு ரப்பர் உறை மாற்றும் செலவோடு முடிந்திருக்கும். ரேக்கையே கழற்றிச் சரிசெய்ய வேண்டியதாகிவிட்டது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் அதில் ஆயில் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விஃப்ட், வேகன்ஆர் போன்ற சின்ன வண்டிகளில் மின்மோட்டார்தான் ஸ்டீயரிங்குக்கு உதவுகிறது, அவற்றில் ஊற்ற எதுவுமே இல்லை. பொலேரோ, பழைய இன்னோவா போன்றவற்றில் எண்ணெய் உண்டு. பானட்டைத் திறந்தால் பெல்ட் ஓடும் பக்கமாக ஒரு சின்ன டப்பா இருக்கும், மூடியில் ஸ்டீயரிங் சக்கரத்தின் படம் போட்டிருக்கும். பிரேக் ஆயில் டப்பா டிரைவர் பக்கம், பின்சுவரை ஒட்டி இருக்கும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் ஆபத்து. ஸ்டீயரிங் ஆயில் பிரேக்குக்குள் போனால் அங்குள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டுப்போய் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். பிரேக் ஆயில் ஸ்டீயரிங்குக்குள் போனால் பம்ப், ரேக் சீல்கள் போய்விடும். தவறிப்போய் ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, சக்கரத்தை நேராக வைத்து, இஞ்சினை அணையுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் பனியன் வேஸ்ட்டால் சுற்றிலும் நன்றாகத் துடையுங்கள். நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் மணலும் உப்பும் டப்பா மேல் படிந்தே இருக்கும், ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பம்ப்புக்குக் கேடு. சில டப்பாக்களில் வெளியிலேயே மேல்கோடும் கீழ்க்கோடும் தெரியும், சிலவற்றில் மூடியோடு ஒரு குச்சி இருக்கும். குச்சியில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக இருந்தால் அதன்படி பாருங்கள்.

அளவைப் பார்க்கும்போதே நிறத்தையும் பாருங்கள். பெரும்பாலும் இளஞ்சிவப்பாகத் தெளிவாக இருக்கும். காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து தீய்ந்த வாடை அடித்தால் மேலே ஊற்றிப் பயனில்லை, முழுக்க மாற்ற வேண்டும். நுரைத்திருந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது. உங்கள் முனகல் சத்தமும் அநேகமாகக் காற்றினால்தான். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அதைத்தான் காது கேட்கிறது.

எந்த ஆயில் என்பதில் கடைக்காரர் சொல்வதைவிட வண்டியோடு வந்த புத்தகத்தையோ மூடியில் எழுதியிருப்பதையோ நம்புங்கள். இங்கே ஓடும் பல பழைய டீசல் வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்தான், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அதே சிவப்பு எண்ணெய். ஆனால் எல்லா வண்டிக்கும் அது ஒத்துவராது. ஹோண்டா தன் வண்டிகளுக்குத் தனி எண்ணெய் சொல்கிறது, சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிறத்தில் வேறு வகை. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று கலக்காதீர்கள், கூலண்ட்கூட சிவப்பில் வருகிறது.

சின்னப் புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம், சூடானால் விரிந்து வழியும். அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை மெதுவாக இந்தக் கோடி, அந்தக் கோடி என்று நாலைந்து தடவை திருப்பிவிட்டு மறுபடி அளவு பாருங்கள், உள்ளிருந்த காற்று வெளியேறக் கொஞ்சம் இறங்கும். கோடியில் போய் அழுத்திப் பிடித்தபடி ஐந்து விநாடிக்கு மேல் நிற்காதீர்கள், பம்ப்பில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் எண்ணெய் கொதிக்கிறது. பாண்டிச்சேரி நேரு வீதிப் பக்கம் நெருக்கியடித்துப் பார்க் செய்யும்போது நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம்.

இனி ஒழுகலுக்கு வருகிறேன். நான்கு இடங்களில் கை வைத்துப் பாருங்கள். டப்பாவுக்குத் திரும்பி வரும் ரப்பர் ஹோஸின் கிளிப், பம்ப்பிலிருந்து போகும் அழுத்த ஹோஸில் ரப்பரும் இரும்பும் சேரும் நெளிப்பு, பம்ப்பின் அடிப்பக்கம், அப்புறம் இரண்டு ரேக் பூட்டுகள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் வண்டி நிற்கிறது என்றால் அந்த நெளிப்பில் துரு முதலில் வரும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். கிளிப் தளர்வு என்றால் ஸ்க்ரூ டிரைவரோடு முடிந்துவிடும். மற்றவற்றுக்கு மெக்கானிக்தான். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் போகாதீர்கள்.

ஆயில் சரியாக இருந்தும் மழையில் மட்டும் ஸ்டீயரிங் கனமானால் பெல்ட்டைப் பாருங்கள். நனைந்து வழுக்கினால் பம்ப் சுற்றாது, கூடவே கீச்சென்ற சத்தமும் வரும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இறுகிவிட்டால் பயப்படாதீர்கள், சக்கரம் திரும்பும், நம் கைப்பலம்தான் அதிகம் வேண்டும். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். பானட்டிலிருந்து புகையோ தீய்ந்த வாடையோ வந்தால் எண்ணெய் சூடான சைலன்சர் குழாய் மேல் சொட்டுகிறது, தீப்பிடிக்கக்கூடும். அந்த நிலையில் வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிடாமல் இஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றுகொண்டு மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.