கியர் லீவரை மாற்றினால் தோள்வலி குறையுமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. என் உயரம் 5 அடி 2 அங்குலம். கோவை நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே இடது தோள் வலிக்கிறது. முதல், மூன்றாம் கியருக்குக் கையை எட்டிப் போட வேண்டியிருக்கிறது. கியரும் இறுக்கமாகத்தான் விழுகிறது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சுகமாக இருக்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஷார்ட் ஷிஃப்டர் லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும், ஆனால் கை கொடுக்க வேண்டிய பலத்தைக் கூட்டிவிடும். லீவர் நடுவில் ஒரு பந்துமூட்டில் தாங்கி நிற்கிறது. மூட்டுக்கு மேலே 200 மி.மீ., கீழே கேபிள் மாட்டும் இடம் வரை 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் நாலுக்கு ஒன்று. ஷார்ட் ஷிஃப்டரில் கீழ்ப்பகுதியை 65 மி.மீ. ஆக்கினால், மேலே கை நகரும் தூரம் சுமார் 23 சதவீதம் குறையும். தேவைப்படும் பலமோ 30 சதவீதம் கூடும். வேகமாக கியர் மாற்றி ஓட்ட ஆசைப்படுபவருக்கு அது பொருந்தலாம். தோள் வலிக்கிறவருக்கு அது எதிர்வைத்தியம்.

முதலில், கியர் ஏன் இறுக்கமாக விழுகிறது என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து ஐந்து கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கியர் முட்டி நின்றால் பதற வேண்டாம். உள்ளே பற்கள் நேருக்கு நேர் இடித்து நிற்கும். ஹேண்ட்பிரேக்கை விட்டு வண்டியைச் சற்று நகர்த்தி மறுபடி போட்டால் விழும். அணைத்திருக்கும்போது இலகுவாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இறுகினால் குறை லீவரில் இல்லை. கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கிடம் போகும் முன் பெடலுக்கு அடியில் இருக்கும் மிதியடியை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தடிமனான மிதியடி, பெடல் கடைசி வரை போகாமல் தடுப்பது நிறைய வண்டிகளில் நடக்கிறது. அது இல்லையென்றால் கேபிள் கிளட்சில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை தொடங்கும் முன் பெடல் வெறுமனே நகரும் தூரம்) அளவையும், ஹைட்ராலிக் என்றால் திரவ மட்டத்தையும் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் அணைத்தும் இறுக்கம் தெரிந்தால், லீவர் அடியிலும் கியர்பாக்ஸ் மேலும் உள்ள புஷ்களையும் (கேபிள் முனை மாட்டும் சிறு வளையங்கள்), லீவரின் அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் இரண்டு கேபிள்களையும் பார்க்க வேண்டும். லீவர் உறையை மேலே இழுத்தால் கிளிப் விடும். நியூட்ரலில் வைத்து ஒருவர் லீவரை மெல்ல ஆட்ட, இன்னொருவர் கேபிள் முனையைக் கவனியுங்கள். லீவர் நகர்ந்தும் கேபிள் நகரத் தாமதித்தால் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்துவிட்டது. இரு முனைகளிலும் சேர்த்தே மாற்றுங்கள். பித்தளை புஷ் நீண்ட நாள் வரும், ஆனால் அதிர்வைக் கைக்குக் கொண்டுவரும். உங்களுக்கு ஒரிஜினல் பிளாஸ்டிக்கே நல்லது. பந்துமூட்டுக்கு சிலிக்கான் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும். கேபிளுக்குள் ஆயில் ஊற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்: தூசி ஒட்டி, சில மாதத்தில் இன்னும் இறுகும். முனையில் ரப்பர் கிழிந்து, உள்ளே துருப்பிடித்த கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் இறுக்கம் என்றால் கியர் ஆயில் பழசாகியிருக்கும், அல்லது தவறான தரமாக இருக்கும். வண்டிக் கையேட்டில் ஜிஎல்-4 என்ற ஆயில் தரம் இருக்கும்போது, ஜிஎல்-5 மட்டும் என்று குறித்த ஆயிலை ஊற்றக் கூடாது. அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் கியர் விழும்போது வேகத்தைச் சமமாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. வேலை செய்யும்போது ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் தளர்த்தச் சொல்லுங்கள். வடிக்கும் பிளக்கைக் கழற்றிய பிறகு மேல் பிளக் திறக்கவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

இதெல்லாம் சரியான பிறகு உட்காரும் நிலை. கிளட்சை முழுதாக மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். அதே நிலையில் மூன்றாம் கியர் போடுங்கள்: முழங்கை சற்று மடிந்திருக்கிறதா, தோள்பட்டை சீட்டின் முதுகை விட்டு எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் சீட்டின் முதுகை ஓரிரண்டு நிலை நிமிர்த்துங்கள். பலருக்கு இதிலேயே பாதி வலி போய்விடும்.

இன்னும் எட்டவில்லை என்றால்தான் லீவரில் கை வைக்கலாம். நாபுக்கும் (லீவர் உச்சியில் கை பிடிக்கும் குமிழ்) லீவருக்கும் நடுவே திருகும் நீட்டிப்பு துண்டு கிடைக்கிறது. லேத் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். மேலே சொன்ன உதாரணத்தில் 50 மி.மீ. உயர்த்தினால் பலம் 20 சதவீதம் குறையும். ஆனால் கை நகரும் தூரம் 25 சதவீதம் கூடும். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே 120 மி.மீ. என்றிருந்தது 150 ஆகும். முதல் கியரில் நாப் இன்னும் 15 மி.மீ. முன்னே போகும். எட்டாத குறைக்காகச் செய்த வேலை எட்டாமையைக் கூட்டும். அதனால் நேரான துண்டு வேண்டாம். 40 மி.மீ. உயரமும், உங்கள் பக்கமாக 30 மி.மீ. பின்வாங்கலும் உள்ள வளைந்த துண்டாக, எஃகில் செய்யச் சொல்லுங்கள். அலுமினிய மரை சீக்கிரம் வழுகும். வளைந்த துண்டு கையின் இழுப்பில் சுழன்று தளரும் என்பதால் அடியில் லாக் நட்டும், மரையில் நீல நிற ஒட்டுத்திரவமும் கட்டாயம். மரை குறைந்தது 10 மி.மீ. உள்ளே போயிருக்க வேண்டும். அளவைக் கடைக்காரரின் ஊகத்துக்கு விடாமல், பழைய நாபைக் கழற்றி எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள்.

ஒரிஜினல் லீவரைச் சூடாக்கி வளைத்துத் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். சூடு இறங்கி அடியில் உள்ள பிளாஸ்டிக் மூட்டை உருக்கிவிடும். அதன்பின் முழு அசெம்பிளியும் மாற்ற வேண்டிவரும்.

நாபின் எடையிலும் சுகம் இருக்கிறது. 200 முதல் 300 கிராம் உள்ள நாப், சின்க்ரோ தடுக்கும் அந்தக் கணத்தில் தன் வேகத்தாலேயே லீவரைத் தள்ளிவிடும், விரல்நுனியால் போடலாம். அதற்கு மேல் எடை வேண்டாம், அதுவும் உயர்த்திய லீவரில். மேடுபள்ளத்தில் ஆடி ஆடி புஷ்ஷைத் தின்னும். வெறும் இரும்பு நாப் நம் ஊர் வெயிலில் கையைச் சுடும். தோல் சுற்றியதாக வாங்குங்கள்.

பொருத்தியதும் ஓட்டும் முன் எல்லா கியரும், ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். முதல், மூன்று, ஐந்தில் மூடிய கைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கை இடித்து கியர் முழுதாக விழாமல் நின்றால், ஓடும்போது தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடும். லீவரை உயர்த்திய பின் கையை அதன்மேலேயே வைத்து ஓட்டத் தோன்றும். அந்தப் பாரம் கியர்பாக்ஸுக்குள் சுழலும் வளையத்தின்மேல், அதை நகர்த்தும் கவையான ஃபோர்க்கை உரசவிட்டுத் தேய்க்கும்; கை ஸ்டியரிங்குக்குத் திரும்பட்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் இரண்டாம் கியரில் மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். அதற்கு கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.