1.6 மில்லிமீட்டர்தானே என்று நெருக்கிப் பூட்டலாமா?

கேள்வி: என்னிடம் மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த அலோய் ரிம் நான்கு வாங்கினேன். 14 அங்குலம், பி.சி.டி (நட்டுத் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 4×100, அதாவது நான்கு துளை, 100 மி.மீ. ஹப்பில் (சில்லைத் தாங்கும் நடுப்பாகத்தில்) வைத்துப் பார்த்தால் மயிரிழைதான் பிசகுகிறது. "ஸ்டட்டை (நட்டு ஏறும் மரைத்தண்டை) எம்12, அதாவது 12 மி.மீ, ஆக மாற்றி நட்டை நெருக்கினால் தானாக உட்காரும்" என்கிறார் கராஜ்காரர். செய்யலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: வேண்டாம். ஸ்டட்டை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்த ரிம்மை அந்த ஹப்பில் அப்படியே பூட்டக் கூடாது.

மைனரின் பி.சி.டி 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. மினி காருக்கும் அதே அளவுதான். உங்கள் ரிம்மில் இருப்பது 100. விட்டத்தில் 1.6 என்றால் ஒவ்வொரு துளையும் ஸ்டட்டின் மையத்திலிருந்து 0.8 மி.மீ உள்ளே நிற்கிறது. கூம்பு நட்டு, ரிம்மின் கூம்புப் பள்ளத்தில் சுற்றிவர உட்கார வேண்டும். மையம் பிசகினால் அது ஒரு பக்கத்தில் மட்டும் முட்டும். ஸ்பானர் இறுகிவிட்டது என்று கைக்குத் தோன்றும். உண்மையில் உங்கள் பலத்தில் பெரும்பகுதி ரிம்மை ஹப்போடு அழுத்தாமல், ஸ்டட்டை உட்பக்கமாக வளைப்பதில் போய்விடுகிறது. ஓடும்போது சில்லு சுற்றுக்கு ஒரு தடவை அந்த ஸ்டட்டை அங்குமிங்கும் ஆட்டும். முதலில் நட்டு தளரும். தளராவிட்டால் இன்னும் மோசம்: மரையின் அடிப்பள்ளத்தில் வெடிப்பு விழுந்து ஸ்டட் முறியும். ஒன்று முறிந்தால் மிச்சம் மூன்றுதான்.

காசு கொடுத்த ரிம் 4×100தான் என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். ரிம்மில் ஒரு துளையின் உள்விளிம்பிலிருந்து நேரெதிர்த் துளையின் வெளிவிளிம்பு வரை வேர்னியரால் அளந்தால் வருவதுதான் பி.சி.டி. ஹப்பில் எதிரெதிர் ஸ்டட்களின் வெளிப்பக்கம் அளந்து ஒரு ஸ்டட்டின் விட்டத்தைக் கழியுங்கள், மைனரில் 111.1 வந்து, 9.5 கழிந்து 101.6 நிற்க வேண்டும். ரிம்மின் நடுத்துளைக்குள் முன் ஹப்பும் அதன் கிறீஸ் மூடியும் தடையில்லாமல் நுழைகிறதா என்றும் பாருங்கள். பல ஜப்பான் ரிம்களின் நடுத்துளை 54.1 அல்லது 56.1 மி.மீதான்.

நான் சொல்லக்கூடிய நேரான வழி, இந்த ரிம்மை விற்றுவிட்டு 4×101.6 ரிம் தேடுவது. அப்போது ஹப்பில் செய்யும் வேலை நீளமான ஸ்டட் மாற்றுவதோடு முடிந்துவிடும். மினிக்கென்று செய்த ரிம்மின் துளை பொருந்தும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 10, 12 அங்குலம். வாங்குமுன் அளவைப் பாருங்கள்.

இல்லை, இதே ரிம்தான் வேண்டும் என்றால் ஹப்பில் புதிதாகத் துளைக்க வேண்டும். பழைய துளைக்குப் பக்கத்தில் 0.8 மி.மீ தள்ளித் துளைக்க முடியாது, இரண்டும் ஒன்றாகி நீள்வட்டமாகிவிடும். பழைய துளையை வெல்டிங்கால் அடைத்துத் திரும்பத் துளைப்பதாக யாராவது சொன்னால் ஹப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்; வெப்பம் பட்ட விளிம்பு விறைத்து, பிறகு அங்கிருந்துதான் வெடிக்கும். சரியான இடம் 45 பாகை திருப்பி, இரண்டு பழைய துளைகளுக்கு நடுவே. அங்கே பழைய மையத்துக்கும் புதிய மையத்துக்கும் இடையில் 38 மி.மீக்கு மேல் இருக்கும். ஆனால் டிரம்மைப் பிடிக்கும் ஸ்குரூக்களும், பிரேக் சரிசெய்யும் துளையும் அந்தப் பக்கம்தான் குறுக்கிடக்கூடும். டிரம்மையும் ஹப்பையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். பின் சில்லிலும் இதே வேலை உண்டு. அங்கே பாதி அச்சை (ஹாஃப் ஷாஃப்டை) கழற்றினால் ஹப்போடு சேரும் கடதாசி கேஸ்கட்டையும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடாமல் பூட்ட வேண்டாம். பிறகு பிரேக் லைனிங் எண்ணெயில் நனையும்.

துளைப்பதற்கு ரோட்டரி டேபிள் உள்ள மில்லிங் மெஷின் வேண்டும். ரிம்மை மேலே வைத்துக் குறி போட்டுக் கை டிரில்லால் குடைவது வேலைக்காகாது, 0.8ஐத் தவிர்க்கத்தானே இந்தப் பாடு. துளையை ஒரே தடவையில் குடையாமல் அரை மில்லிமீட்டர் குறைவாகக் குடைந்து ரீமரால் முடிக்கச் சொல்லுங்கள். குடைந்த துளை கொஞ்சம் முக்கோணமாகத்தான் வரும், ரீமர்தான் அதை வட்டமாக்கும். அழுத்திப் பூட்டும் ஸ்டட்டின் கழுத்தில் பல்பல்லாக இருக்கும் பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்து, துளையை அதைவிட 0.1 முதல் 0.2 மி.மீ சிறிதாக விடுங்கள். அதைவிடத் தளர்வென்றால் நட்டைக் கழற்றும்போது ஸ்டட் சேர்ந்து சுற்றும். ஸ்டட் சுற்றுகிறதென்று அதன் தலையில் வெல்டிங் புள்ளி வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வைத்த கணமே அந்த ஸ்டட்டின் உறுதி போய்விடும்.

ஸ்டட்டை ஹைட்ரோலிக் பிரஸ்ஸில், ஹப்பின் விளிம்புக்கு அடியில் குழாய்த் துண்டு முட்டுக்கொடுத்து இறக்குங்கள். ஏயர் கன்னால் நட்டை இறுக்கி இழுத்தால் மரை நீளும். ஸ்டட் 10.9 தரமாக இருக்க வேண்டும், எண் தலையில் பொறித்திருக்கும். லேத்தில் சாதாரண இரும்பில் கடைந்து தருவார்கள், விலையும் குறைவு, பார்க்கவும் அழகு. சில்லுக்கு அது ஆகாது. எல்லாம் இறக்கிய பின் டயல் கேஜ் வைத்து ஹப்பின் முகத்தைச் சுற்றிப் பாருங்கள். 0.1 மி.மீக்கு மேல் ஆடினால் லேத்தில் முகத்தைச் சீவி மட்டமாக்க வேண்டும்.

ஸ்டட்டின் நீளத்தைக் கடைக்காரர் கண்ணால் மட்டிடுவார், நீங்கள் அளவுகோலால் அளவிடுங்கள். டிரம்மின் தடிப்பு, ரிம்மில் நட்டு உட்காரும் இடத்தின் தடிப்பு, அதற்கு மேல் நட்டுக்குள் ஏறும் நீளம். கடைசியது ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது: எம்12×1.5 (மரைக்கு மரை 1.5 மி.மீ) என்றால் 8 சுற்று, மைனரின் மூல 3/8 அங்குல ஸ்டட் என்றால் 9 சுற்று. மூடிய தலை நட்டு போடுகிறவர்கள் ஸ்டட் நட்டின் அடியில் முட்டவில்லை என்று பாருங்கள். முட்டினால் டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) "கிளிக்" என்னும், ரிம் தளர்வாகவே நிற்கும்.

மைனரின் மூல ஸ்டட் 3/8 யு.என்.எஃப் (அங்குல அளவு நுண்மரை), அங்குலத்துக்கு 24 மரை. எம்10×1 நட்டு அதில் தளர்வாக ஏறும், நல்லாகத்தான் இருக்கிறது என்று நினைக்க வைக்கும், இறுக்கும்போது மரை உரியும். எம்12க்குப் போனாலும் பொறி தீராது: டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷிக்கு 1.5, நிசான், சுசுகிக்கு 1.25. சுசுகி நட்டு ஊர் முழுக்கக் கிடைப்பதால் கலந்துபோவது மிக எளிது. கையால் கடைசிவரை ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்ற வேண்டாம். நட்டின் முகமும் முக்கியம். ஹொண்டா நட்டு உருண்டை முகம், டொயோட்டாவின் சில அலோய் நட்டுகள் வாஷரோடு தட்டை முகம். 60 பாகைக் கூம்பு ரிம்முக்குக் கூம்பு நட்டுத்தான். சந்தேகமென்றால் மார்க்கிங் புளூ (குறி காட்டும் நீலச் சாயம்) தடவிப் பூட்டிக் கழற்றுங்கள்: நீலம் சுற்றிவரத் தேய்ந்திருந்தால் சரி, பிறை வடிவில் தேய்ந்திருந்தால் பிசகு.

தடித்த அடாப்டர் தகடு போடலாமே என்பார்கள். இரண்டு வட்டமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அந்தத் தகட்டிலும் 45 பாகை திருப்பித்தான் ஸ்டட் வைக்க முடியும், தடிப்பு 20 மி.மீக்குக் கிட்ட வரும். அவ்வளவும் சில்லை வெளியே தள்ளும். டயர் மட்கார்ட்டில் உரசும், பெயாரிங்கில் சுமை கூடும்.

இறுக்கம்: 3/8க்கு 42 முதல் 45 அடி-இறாத்தல் (57–61 நியூட்டன் மீட்டர்), எம்12க்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக, இரண்டு தடவையில். கடற்கரைப் பக்கம் துருப்பிடிக்கும் என்று மரைக்குக் கிறீஸ் பூசுவார்கள். பூசினால் அதே எண்ணில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து உலர்வாகப் பூட்டுங்கள். 50 கி.மீ ஓடியதும் ஒருமுறை, 200இல் இன்னொருமுறை டோர்க் ரெஞ்ச் வையுங்கள். நட்டைச் சுற்றிக் கறுப்பாகவோ செம்மையாகவோ தூசு கோடு விழுந்தால் ரிம் அசைகிறது என்று அர்த்தம்.

எம்12க்கு மாறினாலும், ஹப்பை 4×100க்குத் துளைத்தாலும் இன்னொரு சிக்கல்: டிக்கியில் கிடக்கும் பழைய இரும்பு ஸ்பெயார் சில்லின் துளை 3/8க்கும் 101.6க்கும் வெட்டியது. அது இனி ஏறாது. ஐந்தாவது ரிம்மும் சேர்த்து வாங்குங்கள்.