தூத்துக்குடியில் வெயிலைத் தவிர என்ன இருக்கிறது?

மார்ச் மாதம் அம்மா, மனைவி, பத்து வயது மகளோடு மூன்று நாள் தூத்துக்குடிக்கு வரப்போவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். "அது திருச்செந்தூர் போகிற வழியில் இரவு தங்கும் ஊர், வெயிலைத் தவிர ஒன்றும் கிடையாது" என்று நண்பர்கள் சொன்னார்களாம். நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கே போய் வராவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

வெயில் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஊருக்குச் சோறு போடுவதே அந்த வெயில்தான். உப்பு விளைவது, கருவாடு காய்வது, பனையில் பதநீர் சுரப்பது எல்லாம் அதன் கணக்கில்தான் நடக்கின்றன. அதனால் விடியும் முன்பே எழுந்து பத்து மணிக்குள் ஒரு சுற்று, மாலை நான்குக்கு மேல் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் ஊரே கண்ணயரும்; நீங்களும் அறையில் படுத்துவிடுங்கள். அம்மாவுக்கு அது மிகவும் அவசியம்.

முதல் நாள் காலை உப்பளத்துக்குப் போங்கள். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்தால் காலையிலேயே இறங்கிவிடலாம் என்றாலும், அறைக்குப் போய்க் கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடும். ஆகவே உப்பளத்தை மூன்றாம் நாள் காலைக்குத் தள்ளினாலும் பரவாயில்லை. உப்பு உற்பத்தியில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பு. ஊரை ஒட்டிய சாலைகளில் இரு பக்கமும் பாத்தி பாத்தியாக விரிந்திருப்பதைக் காரிலிருந்து எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் இறங்கி, அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வரப்பில் நடந்து பாருங்கள்.

என் சித்தி இருபது ஆண்டுகள் உப்பளத்தில் வேலை பார்த்தவர். சிறுவனாக நான் அவரோடு போயிருக்கிறேன். காற்று விழுந்த விடிகாலையில் பாத்தித் தண்ணீரின் மேல் பாலாடை போல மெல்லியதாக ஒரு படலம் மிதக்கும். குனிந்து உற்றுப் பார்த்தால் அது முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு உப்புப் பரல். கனம் கூடியதும் ஒவ்வொன்றாக மூழ்கி அடியில் படியும். படிந்ததை நீண்ட கழியில் பொருத்திய பலகையால் இழுத்து வரப்பில் குவிப்பார்கள். மகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். பாத்திக்குள் மட்டும் காலை வைக்க விடாதீர்கள். அந்தக் களிமண் தரையை நீர் இறங்காதபடி நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்துத்தான் சமன் செய்கிறார்கள். படம் எடுக்க ஆசைப்பட்டு உள்ளே இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தியின் வெடித்த பாதங்கள் நினைவுக்கு வரும். உப்பளத்தில் வேலை செய்பவர்களைப் படம் எடுப்பதென்றாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஊருக்குள் பனிமய மாதா பேராலயம். பனி என்பதையே அறியாத ஊரில் பனிமய மாதா எப்படி என்று மகள் கேட்பாள். ரோம் நகரில் கடும் கோடையான ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குன்றின் மேல் பனி பொழிந்ததாகச் சொல்லும் பழைய மரபிலிருந்து வந்த பெயர் அது. இன்றுள்ள கோயில் 1713-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி திருவிழாவின்போது சாதி மத வேறுபாடு இல்லாமல் ஊரே கூடும். நீங்கள் வரும் மார்ச்சில் கூட்டம் இருக்காது. உள்ளே போய் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

பழைய துறைமுகப் பக்கம் மாலையில் நடந்தால் தோணிகள், அதாவது சரக்கு ஏற்றும் பெரிய மரக்கலங்கள், நிற்பது தெரியும். கப்பல் போக்குவரத்து இவ்வளவு வளர்ந்த பிறகும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் இங்கிருந்து தோணியில் போயிருக்கின்றன. இதே கரையிலிருந்துதான் வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். அவர் பிறந்த ஓட்டப்பிடாரம் பக்கத்தில்தான் இருக்கிறது. வீடு நினைவு இல்லமாக உள்ளது. அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சியும் கிட்டத்தில்தான். அரை நாள் மிச்சம் இருந்தால் போய் வாருங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டாவும் சால்னாவும். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். கல்லைச் சுற்றி உள்ளூர்க்காரர்கள் நிற்கிற கடை எதுவானாலும் நன்றாக இருக்கும். மீன் விரும்பினால் மார்ச்சில் வருவது நல்லது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறிவிடும். சீலா மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாம் நாளைத் தெற்கே செலவிடுங்கள். திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சஷ்டி, கிருத்திகை, ஞாயிறு இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் அம்மாவுக்கு நல்ல தரிசனம் கிடைக்கும். கடலில் குளித்துவிட்டு, கோயிலுக்கு அருகே உள்ள நாழிக்கிணற்று நீரை ஊற்றிக்கொள்ளும்போது, இத்தனை கிட்டத்தில் கடல் இருக்க இந்த நீர் எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வியப்பேன்.

பலர் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் உடன்குடி. சாலையோரப் பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்த விடிலி (பதநீர் காய்ச்சும் குடிசை) ஒன்றில் புகை எழுந்தால் வண்டியை நிறுத்துங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பனையேறி இறக்கிய பதநீரை அங்கே காய்ச்சுவார்கள். கொதித்து, நுரைத்து, நிறம் மாறி, கிண்டுகிற கை வலிக்கும் அளவுக்கு இறுகியதும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். கருப்பட்டியின் அடி உருண்டு இருப்பது அந்தச் சிரட்டையின் வடிவம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதநீர் கேட்டால் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். பட்டையின் ஒரு முனையை வாயில் வைத்துச் சாய்த்துக் குடிக்க வேண்டும். பச்சை ஓலை மணமும் சேர்ந்து உள்ளே இறங்கும். காலை ஒன்பதுக்குள் குடித்துவிடுங்கள். நேரம் போகப் போகச் சுவை மாறும். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் சந்தையில் உண்டு என்பதால், காய்ச்சுகிற இடத்திலேயே வாங்குவது நல்லது.

அந்தப் பகுதியில்தான் தேரி இருக்கிறது. கடற்கரையிலிருந்து சிறிது உள்ளே, செக்கச்செவேல் என்ற மணல்மேடுகள். மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் தாதுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். மாலை வெயிலில் குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்கள் இது தமிழ்நாடுதானா என்று கேட்பார்கள். அத்தனை வறண்ட மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையும் மரநிழலும் இருக்கின்றன. அம்மா அங்கே சற்று நேரம் இளைப்பாறட்டும்.

மாலை முடியும் நேரம் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம். அதன் அடியில், 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை என்று வணங்கப்படும் இடம். மேட்டில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அலையில்லாத உப்பங்கழி. என் பார்வையில் இந்தக் கரையிலேயே அழகான இடம் இது.

மூன்றாம் நாள் ஆதிச்சநல்லூர். இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு அது. தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள், அவற்றுக்குள் எலும்புகள். மகளுக்குப் பயமாக இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் பார்க்கட்டும். திரும்பும் வழியில் கொற்கைக்கும் போகலாம். சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இன்று வாழையும் நெல்லும் விளையும் சின்ன ஊர். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. குளக்கரையில் வளைந்து கிடக்கும் பழைய வன்னி மரத்தைத் தவிர "பார்ப்பதற்கு" அங்கே அதிகம் இல்லை. எனக்கு அது போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வர வேண்டாம். உப்பளங்கள் ஏரியாகக் கிடக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, சுற்று வட்டாரமே மூழ்கியது.

எங்கள் ஊர் இனிப்பான மக்ரூனைக் கடைசி நாள் மாலையில் வாங்குங்கள். முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, அனல் தணிந்த அடுப்பில் நெடுநேரம் உலர்த்திச் செய்வது. கடற்காற்று பட்டால் நமத்துவிடும். காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள்; ரயிலில் மகள் கேட்டாலும் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அவளுக்கென்று தனியாக ஒரு நூறு கிராம் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.