பழைய கார், சார்ஜ் ஏறாத பேட்டரி: கேள்வி பதில்

டைனமோவும் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரன்ட் தரும் கருவி) கட்டவுட்டும் (டைனமோவையும் பேட்டரியையும் தானே இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) உள்ள வண்டிகளைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அம்பாசிடர் மார்க் 2. புது பேட்டரி போட்டும் காலையில் டவுன். டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அளக்காமல் மாற்றாதீர்கள். பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, டைனமோவில் டி (கரன்ட் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்ட் முனை) ஒயர்களைக் கழற்றிவிட்டு, டைனமோவின் அந்த இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு காலை அதில், மறு காலை டைனமோ பாடியில் வைத்து, மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வோல்ட் தடையின்றி ஏற வேண்டும். 20ஐத் தாண்ட விடாதீர்கள். முள் அசையவே இல்லையா? பிரஷ்ஷை (சுழலும் பாகத்தில் உரசிக் கரன்ட் எடுக்கும் கார்பன் துண்டு) பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் ஃபீல்ட் காயில் (காந்தம் உண்டாக்கும் சுருள்) பழுது, நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர் (சுழலும் சுருள்) பழுது. நன்றாக ஏறினால் டைனமோ நிரபராதி. அப்போது கட்டவுட்டைத் திறந்து பாருங்கள். பாயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தால், வண்டி நிற்கும்போதே பேட்டரி டைனமோ வழியாக வடிந்துவிடும். உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஐடிலிங்கில் சார்ஜ் ஏறாததைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

பதில்: டைனமோ வண்டியில் அது சகஜம். வேகத்திலும் எரிந்தால் வாருங்கள்.

கேள்வி: ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கலாமா?

பதில்: கூடாது. வோல்டேஜ் எகிறும். டைனமோவுக்குப் பதிலாக வந்த ஆல்டர்னேட்டர் என்றால், அதிலுள்ள டயோடு (ஏசியை டிசியாக்கும் பாகம்) போய்விடும். பத்து ரூபாய் டெஸ்டுக்கு ஆயிரக்கணக்கில் தண்டம்.

கேள்வி: மோரிஸ் மைனர் 1000. பேட்டரியை முனை மாற்றிப் போட்டுவிட்டார் மெக்கானிக்.

பதில்: அதற்கு பாசிட்டிவ்தான் எர்த், அதாவது வண்டி பாடியோடு சேரும் முனை. பேட்டரியை முதலில் சரியாகப் போடுங்கள். எஃப் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் எஃப் முனையில் நொடி நேரம் தொடுங்கள். டைனமோவில் தங்கியிருக்கும் காந்தம் பழைய திசைக்குத் திரும்பும்.

கேள்வி: என் பத்மினியிலும் ஐடிலிங்கில் விளக்கு மினுக்குகிறதே?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பேசாமல் ஆல்டர்னேட்டர் போட்டால் என்ன?

பதில்: போடலாம். லூகாஸ் சி40-1 டைனமோ முழு வேகத்தில் 22 ஆம்பியர்தான் தரும். இரவு, மழை, சிக்னல் மூன்றும் சேர்ந்தால் போதாது.

கேள்வி: இதற்கு மாடர்ன் கார் வாங்கிவிடலாமே! ஒரிஜினாலிட்டி போச்சு.

பதில்: கண்காட்சி வண்டியா, ஓட்டும் வண்டியா என்பதுதான் விஷயம். கழற்றிய டைனமோவைத் துடைத்து அலமாரியில் வையுங்கள். விற்கும்போது கூடவே கொடுக்கலாம்.

கேள்வி: அலமாரியில் வைத்தால் அது ஒரிஜினல் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. வீடு போய்ச் சேருவீர்கள், அவ்வளவுதான். ஆனால் பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகே சாதாரண ஆல்டர்னேட்டர். பழைய ஒயரும் அந்தக் கரன்ட்டைத் தாங்காது, தடித்தது இழுங்கள். ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள். இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: ஐடிலிங்கில் சிவப்பு விளக்கு…

பதில்: சகஜம்.

கேள்வி: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறவில்லை.

பதில்: கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.