துணையினமா, தனிச் சிற்றினமா?

அன்புள்ள ஐயா,

மரப்பட்டைக்குள் வாழும் பட்டை வண்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வண்டுகள் மரபணுச் சோதனையில் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், அவற்றை ஒரே சிற்றினத்தின் உட்பிரிவுகளான இரு துணையினங்கள் என்று சொல்லிவிடலாமா? டி.என்.ஏ. வந்த பிறகும் வண்டை அறுத்துப் பார்ப்பது எதற்கு?

க., முதுகலை விலங்கியல் மாணவி

அன்புள்ள க.,

அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. வழக்கமாகப் படிக்கப்படுவது, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ என்ற மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு. அது தாய்வழியாக மட்டுமே இறங்குவது. நெடுங்காலம் பிரிந்திருந்து பின்னர் கலந்துவிட்ட கூட்டங்களிலும் பழைய பிளவு அதில் தெரிந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, அந்த மரபணுவின் செத்துப்போன நகல்கள் செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வில் ஒட்டிக்கிடந்து சோதனையைக் குழப்புவதும் உண்டு. உட்கரு மரபணுக்களும் அதே இடத்தில் பிரிகின்றனவா என்று பார்த்தே ஆகவேண்டும்.

டோமிகஸ் என்ற பட்டை வண்டுப் பேரினத்தின் கதை உங்களுக்கு உதவும். அதில் பைன் மரங்களைத் தாக்கும் பினிபெர்டா என்ற வண்டுக்கு, உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்தார். டெஸ்ட்ருவென்ஸ் என்ற இன்னொரு வண்டு 1865இல் விவரிக்கப்பட்டது. ஆனால் பினிபெர்டாவின் மத்தியதரைக்கடல் வடிவம்தான் இது என்று பலர் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. டெஸ்ட்ருவென்ஸின் இறக்கை உறை செம்பழுப்பு, பினிபெர்டாவுடையது கறுப்பு. ஆனால் கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வந்த பினிபெர்டாவும் பழுப்புதான்! நிறத்தை நம்பியவர்கள் வயதைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். உணர்கொம்பின் குமிழ் இன்னும் நம்பகமானது: பினிபெர்டாவில் கருமை, டெஸ்ட்ருவென்ஸில் வெளிர்மஞ்சள்.

2000களின் தொடக்கத்தில் மரபணு ஆய்வுகள் இரண்டும் தனிச் சிற்றினங்கள் என்பதை உறுதிசெய்தன. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இரண்டும் வாழ்கின்றன. துணையினங்கள் வெவ்வேறு நிலப்பகுதிகளில் இருக்கும், சந்திக்கும் எல்லையில் கலக்கும். ஒரே காட்டில் இருந்தும் கலக்காமல் இருந்தால் துணையினம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சீனாவின் யுன்னான் பைன் காடுகளில் பினிபெர்டா என்றே கருதப்பட்டுவந்த வண்டும் இப்படித்தான் 2008இல் யுன்னானென்ஸிஸ் என்ற தனிச் சிற்றினமானது. அங்கே மரபணுக்கள் முதலில் சந்தேகத்தைக் கிளப்பின, உடலமைப்பு பின்னால் வந்து சேர்ந்தது.

இது வெறும் பெயர்ச்சண்டை அல்ல. பினிபெர்டா குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தின் தொடக்கத்தில் பறந்து முட்டையிடும். டெஸ்ட்ருவென்ஸ் இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடும். வெட்டிய மரங்களை வசந்தத்துக்கு முன் அகற்றினால் போதும் என்று நினைக்கும் வனத்துறைக்கு, டெஸ்ட்ருவென்ஸ் விஷயத்தில் ஏற்கெனவே காலம் கடந்திருக்கும்.

அறுப்பது பற்றிக் கேட்டீர்கள். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் கடினப் பாகங்கள் வெளித்தோற்றம் கைவிடும் இடத்தில் பலமுறை கைகொடுத்திருக்கின்றன. காரக் கரைசலில் ஊறவைத்துத் தசையை நீக்கிப் பாருங்கள். என் கட்சி இதுதான்: ஒரே வண்டில் அறுப்பதையும் டி.என்.ஏ. சோதனையையும் செய்யுங்கள். 95 சதவீத எத்தனாலில் போட்டு, ஒரு காலை மட்டும் டி.என்.ஏ.வுக்கு எடுத்தால் உடல் மிஞ்சும். முழு வண்டையும் அரைத்தால் குடலில் உள்ள பூஞ்சையும் உருளைப்புழுவும் சேர்ந்தே வரும். பிறகு சந்தேகம் எழுந்தால் திரும்பிப் பார்க்க வண்டும் இருக்காது.