மூடிய சத்திரம் ஏலத்துக்கு வருகிறது: கேள்வி பதில்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பழைய கோச் வண்டிச் சத்திரங்களையும் (பயணிகளை ஏற்றிச்சென்ற குதிரை வண்டிகள் நின்று குதிரை மாற்றிய இடங்கள்) நிலத்தையும் ஏலம் விட்டது பற்றி வந்த கேள்விகளில் சில.

நன்றாக ஓடிய சத்திரத்தை ஏன் விற்றார்கள்?

ரயில்தான். 1838ல் லண்டன்–பர்மிங்காம் பாதை, 1841ல் லண்டன்–பிரிஸ்டல் பாதை முழுதாகத் திறந்தன. குதிரை மாற்ற வண்டியே வராத ஊரில் அத்தனை லாயத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏலம் எங்கே நடக்கும்?

பெரும்பாலும் அதே ஊரில் இன்னும் தாக்குப்பிடித்த வேறொரு சத்திரத்தில்! முன்கூட்டியே விவரத்தாளும் வரைபடமும் அச்சடித்துக் கொடுப்பார்கள். கட்டடம், லாயம், முற்றம் எல்லாம் சேர்த்து ஒரு லாட் (ஒரே ஏலத்தில் விடும் பங்கு), புல்வெளிகள் தனித்தனி லாட் என்று பிரிப்பதும் உண்டு, ஏனென்றால் பாழடைந்த கட்டடத்தைச் சீண்டாத பக்கத்து விவசாயிகூட புல்வெளிக்குப் போட்டி போடுவார். நிலத்தின் அளவு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் இருக்கும்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். முன்பக்கத்து வர்ணனையை விடுங்கள், விற்பனை நிபந்தனைகளைப் படியுங்கள், விஷயமெல்லாம் அங்கேதான்.

என் கையில் உள்ள விவரத்தாளில் 'காப்பிஹோல்டு' என்று இருக்கிறதே?

அப்படியென்றால் முழு உரிமை இல்லை. விற்பவர் நிலத்தை மேனர் பிரபுவிடம் (மேனர் எனப்படும் பெரும்பண்ணையின் உரிமையாளர்) ஒப்படைப்பார், வாங்குபவர் மேனர் நீதிமன்றப் பதிவேட்டில் பெயர் ஏற்றிக்கொண்டு அதற்கு ஒரு தொகை கட்டுவார். கனிமம் வழக்கமாகப் பிரபுவுக்கே. விலை குறைவாகத் தெரிந்தால் இதையும் பாருங்கள்.

சொந்தக்காரரே ஆள் வைத்து விலையை ஏற்றுவாரா?

தாராளமாக நடந்தது. நில ஏலம் பற்றிய 1867 சட்டம் வந்தபின், விற்பவருக்கும் ஏலம் கேட்கும் உரிமை உண்டு என்று நிபந்தனையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். 'குறைந்தபட்ச விலை கிடையாது' என்று அறிவித்துவிட்டு ஆளை உட்கார வைத்தால் விற்பனை செல்லாது.

ஏலத்துக்கு வரி உண்டா?

1845 வரை உண்டு. நிலம், கட்டடத்துக்கு பவுண்டுக்கு 7 பென்ஸ் (அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). 1000 பவுண்டுக்குப் போனால் 29 பவுண்டு 3 ஷில்லிங் 4 பென்ஸ். அதை வாங்குபவர் தலையில் கட்டுவதும் சகஜம். 1845ல் வரியை எடுத்துவிட்டு ஏலக்காரருக்கு வருஷம் 10 பவுண்டு உரிமக் கட்டணம் வைத்தார்கள்.

வாங்கியவர் மறுபடி சத்திரம் நடத்தலாமா?

கட்டடத்தோடு உரிமம் தானாக வந்துவிடாது. நீதிபதிகளிடம் விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் மறுக்கலாம். பீர் மட்டும் விற்பதென்றால் 1830 சட்டப்படி 2 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) கட்டினால் போதும், நீதிபதிகளிடம் போகவே வேண்டாம். அந்தச் சலுகையும் 1869ல் போய்விட்டது. அதனால் உங்கள் விவரத்தாளில் முதலில் ஆண்டைப் பாருங்கள்.